தங்கச்சிக்குத் தண்ணீர் வார்த்த நாள்

18.2.1993, வியாழன்

குஞ்சு, இன்றைக்கு உன் தங்கச்சிக்குத் தண்ணீர் வார்த்தேன். உன்னைக் கொண்டுபோன காய்ச்சல் அவளையும் கொண்டுபோகுமோ என்று பத்து நாளாய் நான் கண்மூடவில்லை. அகதிகள் இருக்கும் இந்த ஹைம் முழுக்கக் கொப்புளம் போடும் அம்மாள் வருத்தம் வந்து, கடைசியாகக் கிடந்தவள் இவள்தான். வெளியே போகவும் விடவில்லை. ஜெர்மனியின் வடகோடிக் குளிரில் வேப்பிலைக்கு எங்கே போவது? மஞ்சளை மட்டும் கரைத்து வார்த்தேன்.

பொதுக் குசினியில் இத்தனை நாளும் அம்மாளுக்கு ஆகாதென்று எங்களுக்காக ஒருவரும் தாளிக்கவோ பொரிக்கவோ இல்லை, மாதாவைக் கும்பிடும் வேதக்கார ஜெசிந்தா அக்காகூட. இன்றைக்கு வந்து கதவைத் தட்டினார்.

"பிள்ளை முழுகிட்டாளோ? அப்ப நான் மீன் பொரிக்கப்போறன். அவிச்சதைத் திண்டு நாக்குச் செத்துப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தங்கச்சியின் உடுப்பெல்லாம் தோய்த்தது இன்னும் காயவில்லை. பெட்டியில் வைத்திருந்த உன் நீலச் சட்டையைப் போட்டுவிட்டேன். அவளுக்கு அளவாக இருக்கிறது. உனக்குக் கோபமில்லைத்தானே?