நடுவர் அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா எப்படி இருக்கிறார்கள்? நான் நலம். எனக்குச் சுற்றி வளைக்க வராது. என் கோலை ஆஃப்சைடு என்று நீங்கள் விசில் ஊதியதற்காக மைதானத்திலேயே உங்களிடம் கத்திவிட்டு, ஒரு மாதம் பேசாமலும் இருந்தேனே, அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு எங்கள் பட்டறை ஆட்களுக்குள் கால்பந்து. நடுவராக நிற்க ஆள் இல்லாமல் நான் நின்றேன். ஒரு பெனால்டி கொடுத்ததும் எதிரணியின் பதினொரு பேரும் என்னை மொய்த்துவிட்டார்கள். "கண்ணை வீட்டிலயே வச்சிட்டு வந்தியாடா?" சட்டைப் பொத்தான் இரண்டு போனதோடு சரி. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

பக்கத்து மைதானத்தில் ரக்பி. உடம்பைப் பார்த்து 'லாரி' என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் பட்டறை வெல்டர், தவறு என்று ஒல்லியான நடுவர் சொன்னதை வாய் திறக்காமல் கேட்டுவிட்டுத் திரும்பி ஓடினான்.

"ஏண்டா, பதிலுக்கு ஒரு வார்த்தை பேசல?" என்றேன் பிறகு.

"கேப்டன் மட்டுந்தான் பேசலாம். நான் பேசினா எங்களைப் பத்து மீட்டர் பின்னால தள்ளிடுவாரு. அப்புறம் எங்க ஆளுங்களே என் தோலை உரிச்சிடுவாங்க."

நம் ஆட்டத்தில் உங்களுக்கு அந்தக் காவல் இல்லை. இருபது வருடம் ஞாயிறுதோறும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தீர்கள். வீட்டில் எங்கள்மேல் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. அதற்கு நன்றி, அப்பா.

அடுத்த ஞாயிறும் நான்தான் நடுவர். ஒரு விசில் அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் ஊதியதாக இருக்கட்டும்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. அந்தக் கோல் அன்று நான் ஆஃப்சைடில்தான் நின்றேன். கத்தும்போதே எனக்குத் தெரியும்.

உங்கள் மகன்