பையில் எட்டு நாள் இருந்த கார்டு

கச்சிராயபாளையம் வழி,
7-7-1974, ஞாயிறு.

அன்பு மகள் தங்கமணிக்கு அப்பா பொன்னுரங்கம் எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். மலை இறங்கும்போது மட்டும் முட்டி வலிக்கிறது. சைதாப்பேட்டையில் சித்தி குஞ்சம்மாளும் பிள்ளைகளும் சுகமா? பதினேழாம் தேதி மெடிக்கல் இன்டர்வியூ முடிகிற வரைக்கும் நீ குழாயடியில் போய் வரிசையில் நிற்க வேண்டாம். நான் சொன்னதாகச் சித்தியிடம் சொல்.

இன்டர்வியூவில் சொல்ல நீ எழுதி அனுப்பிய பதில்களைப் படித்தேன். மலைக்குத் தபால் பை தூக்கிப் போகும்போது இரண்டு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. கையெழுத்து அழகாக இருக்கிறது. பதில்கள் எனக்குப் பிடிக்கவில்லை.

தகப்பனார் தொழில் என்ன என்று கேட்டால் 'தபால் துறை ஊழியர்' என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொன்னால் நாற்காலியில் உட்கார்ந்து சீல் குத்துகிறவன் என்று நினைப்பார்கள். வாரம் மூன்று நாள் கல்வராயன் மலைக்கு நடந்து தபால் கொண்டு போகிறவர் என்று சொல். பொழுதுபோக்கு 'புத்தகம் வாசித்தல்' என்கிறாய். லீவு விட்ட ஒவ்வொரு வருஷமும் கரும்பு வெட்டப் போனாயே, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? உன் உள்ளங்கையைக் காட்டினால் நம்பிவிடுவார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். 'ஏன் டாக்டராக விரும்புகிறாய்?' என்ற கேள்விக்கு 'ஏழை மக்களுக்குத் தொண்டு செய்ய' என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். அங்கே வருகிற இருநூறு பேரும் அதைத்தான் சொல்வார்கள். அது பொய் என்று நான் சொல்லவில்லை. உன்னுடையது இல்லை என்கிறேன்.

உன்னுடையது எது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அப்போது உனக்கு ஒன்பது வயது. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். அதற்குப் பிறகு நானும் வாய் திறந்து சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்கு வலி எடுத்து இரண்டாம் நாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போய்விடு என்று மருத்துவச்சி சொன்னாள். பகல் பதினோரு மணி. பத்து மைல் தூரம். ஊரிலேயே அன்றைக்கு மோட்டார் வண்டி என்று இருந்தது சுப்புராயனுடைய டிராக்டர் ஒன்றுதான். வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. நான் ஓடிப்போய் அவன் வாசலில் நின்றேன். விஷயத்தைக் கேட்ட டிரைவர் ஆதிமூலம், யாரும் சொல்லாமலே சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். சுப்புராயன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: "புது வண்டிடா. நாளைக்குப் பூசை போடணும். ரத்தம் கித்தம் பட்டா எவன் கழுவறது? மாட்டு வண்டி எதுனா பாரு, போ."

ஆதிமூலம் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

மாட்டு வண்டி எல்லாம் கரும்பு ஏற்றிப் போயிருந்தது. காலனி ஆட்கள் மூன்று பேரும் நானுமாகக் கட்டிலோடு தூக்கினோம். வடக்கனந்தல் ஏரிக்கரையில் எல்லாம் முடிந்துபோனது. பிள்ளையும்தான்.

ஆகவே 'ஏன் டாக்டராக விரும்புகிறாய்' என்று கேட்டால் இதைச் சொல். அவன் பெயரையும் ஊரையும் சொல். ஒருநாள் அந்த ஆள் என் முன்னால் வந்து நின்று கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் படிக்கிறேன் என்று சொல். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகு. அழாமல் சொல்ல வேண்டும். அழுதால் பரிதாபப்பட்டு அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு சங்கதி. சித்தியிடம்கூடச் சொல்லாதே. சுப்புராயன் மகள் கமலா, ஹைஸ்கூலில் உன் வகுப்பில் படித்தவள், அவளும் மெடிக்கலுக்கு மனுப் போட்டிருக்கிறாள். அவளுக்கும் பதினேழாம் தேதிதான் இன்டர்வியூ. அவளைக் கூப்பிடுகிற கார்டு வெள்ளிக்கிழமை வந்தது. என் பைக்குள் அடியில், மழைக்குப் போர்த்துகிற சாக்குக்குள் இருக்கிறது.

அந்தப் பெண் தினமும் கேட்டில் நின்று, "எனக்கு எதுனா வந்துதா?" என்று கேட்கிறாள். "இல்லம்மா" என்கிறேன். அன்றைக்கு நான் வாசலில் நின்றது அரை மணி நேரம். அவர்கள் வீட்டிலும் யாராவது நிற்கட்டும்.

நீ நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று வேண்டுகிற
அப்பா.


கச்சிராயபாளையம் வழி,
14-7-1974, ஞாயிறு.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்தது. அந்தக் கார்டைக் கொடுக்காவிட்டால் நானும் இன்டர்வியூவுக்குப் போக மாட்டேன் என்று எழுதியிருந்தாய். உனக்குக் கோபம் வந்தால் எழுத்து பெரிதாகிவிடும், உன் அம்மாவைப் போல. படித்தேன். படித்துவிட்டும் கொடுக்கவில்லை. மிரட்டுகிறாய், ஆனால் போவாய் என்று எனக்குத் தெரியும். நீ நல்லவள், என்னையும் அப்படி இருக்கச் சொல்லாதே என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

நேற்று கார்டைக் கொடுத்துவிட்டேன். உனக்காகக் கொடுத்தேன் என்று நினைத்துச் சந்தோஷப்படாதே. நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் தபாலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சுப்புராயனே ஆபீசுக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் 'டேய் ரங்கா' என்பதைத் தவிர அவன் வாயில் என் பெயர் வந்ததில்லை. நேற்று, "இன்னா பொன்னுரங்கம், நல்லா கீறியா?" என்றான். எனக்கு அப்போதே சந்தேகம். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "மெட்ராஸ்லேர்ந்து பொண்ணுக்கு ஒரு கார்டு வரும்னு உக்காந்துகினு கீது. வந்தா அது கையில குடுத்துடாத. நேரா எங்கிட்ட குடு. சங்கராபுரத்துல மாப்ள பாத்து வெச்சிருக்கேன். கார்டு வரலன்னா கழுத்த நீட்றேன்னு அதுவே சொல்லிடுச்சி. வராமயே போனா இன்னும் நல்லது."

சிரித்தான். நானும் சிரித்தேன். "வந்தா பாக்கறேங்க" என்றேன்.

அவன் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. எட்டு நாளாக நான் அவனுக்கு அல்லவா வேலை செய்திருக்கிறேன்! அவன் வீட்டில் நெருப்பு வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அடுப்புக்கு விறகு சுமந்திருக்கிறேன். அவனுக்கு எது வேண்டாமோ அதை அவன் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதானே என் பழி? பையை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். அவன் ஆலைக்குப் போயிருந்தான். அந்தப் பெண்ணும் அவள் அம்மா பாப்பாத்தியும் இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்றபடி கார்டைக் கமலாவின் கையிலேயே கொடுத்தேன்.

அவள் முதலில் முன்பக்கம் படித்தாள். பிறகு நம் ஊர் சீலைப் பார்த்தாள். "அஞ்சாந்தேதி குத்தியிருக்கு. இன்னிக்குப் பதிமூணு" என்றாள். "ஆமாம்மா" என்றேன். ஒரு புகார் எழுதிப் போட்டால் என் வேலை போகும். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கார்டோடு உள்ளே போய்விட்டாள்.

நாளை காலை பஸ்ஸில் பாப்பாத்தி மகளைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போகிறாளாம். புருஷனோடு பெரிய சண்டையாம். வாசலில் தட்டு பறந்ததாக ஆதிமூலம் சொன்னான். எனக்குக் கேட்க நன்றாக இருந்தது.

அங்கே அவளைப் பார்த்தால் பயப்படாதே. உன் பதிலை மறக்காதே. அவன் பெயரைச் சொல்.

அப்பா.


கச்சிராயபாளையம் வழி,
25-8-1974, ஞாயிறு.

அன்பு மகள் தங்கமணிக்கு அப்பா எழுதுவது.

ஹாஸ்டலில் உனக்கு ஜன்னல் ஓரத்துக் கட்டில் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. இங்கே மலையில் நல்ல மழை, கோமுகி அணையில் தண்ணீர் ஏறுகிறது. மேலே ஓடை தாண்டும்போது பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு போகிறேன். வேலை போகவில்லை. கமலா யாரிடமும் சொல்லவில்லை.

இன்டர்வியூவில் நடந்ததை நீ போன மாதம் எழுதினாய். அதற்கு நான் பதில் போடவில்லை என்று கோபம் உனக்கு. உண்மையைச் சொன்னால், என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீ அவன் பெயரைச் சொல்லவில்லை. அம்மா பிரசவத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்தார் என்று மட்டும் சொன்னாய். கேள்வி கேட்ட பெரிய டாக்டர், வந்து சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டதற்கு, "தெரியாதுங்க. அதைத் தெரிஞ்சிக்கத்தான் படிக்க வந்திருக்கேன்" என்றாய். முதலில் எனக்கு உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. பிழைத்திருப்பாள் என்று சொல்லியிருக்க வேண்டாமா? எட்டு வருஷமாக அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருக்கிறேன். தெரியாது என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். அந்தப் பதிலுக்குத்தான் சீட் கிடைத்தது என்று நினைக்கிறேன். இருந்தாலும் இன்னும் எனக்கு அது ஒப்பவில்லை.

அதைவிட என்னை ஆட்டியது மற்றது. வராந்தாவில் காத்திருக்கும்போது கமலா உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கப்பா ஏன் என் கார்டை எட்டு நாள் வைத்திருந்தார் என்று கேட்டாள். நீ டிராக்டர் கதையைச் சொன்னாய். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனாள். வெளியே வந்து, உள்ளே கேள்வி கேட்ட ஐந்து பேரிடமும், என் அப்பா பெயர் சுப்புராயன், அவர் டிராக்டர் கொடுக்காததால் ஒரு கூலிக்காரப் பெண் செத்துப்போனாள், அதனால்தான் படிக்க வந்தேன் என்று சொன்னதாக உன்னிடம் சொல்லியிருக்கிறாள். உன் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் எதிர்பார்த்த பெயர் அவன் மகள் வாயிலிருந்து வந்திருக்கிறது. நான் சந்தோஷப்பட வேண்டுமா? நம் வீட்டுச் சாவை எடுத்துப்போய் அவள் மார்க் வாங்கிவிட்டாள் என்று கத்த வேண்டுமா? இரண்டையும் செய்தேன், மலைப்பாதையில், ஆள் இல்லாத இடத்தில்.

அவளுக்கும் உன் காலேஜிலேயே இடம் கிடைத்துக் கார்டு வந்தது. வந்த அன்றைக்கே கொடுத்தேன். ஊரெல்லாம் வந்து சுப்புராயனுக்கு மாலை போட்டதும் அவன் அப்படியே மாறிவிட்டான். சங்கராபுரம் மாப்பிள்ளையை மறந்துபோனான். டாக்டர் அப்பா என்று யாராவது கூப்பிட்டால் துண்டைச் சரிசெய்துகொள்கிறான். மகள் இன்டர்வியூவில் சொன்னதை அப்போதே அவனிடம் சொல்லியிருப்பேன். சொன்னால் அவளைப் பூட்டி வைத்துவிடுவான். அவள் பஸ் ஏறுகிற வரைக்கும் பொறுத்திருந்தேன். அந்த ஒரு மாதப் பொறுமையைத்தான் எட்டு வருஷத்தில் நான் செய்த பெரிய காரியம் என்று சொல்வேன்.

நேற்று காலை கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் அவளையும் பாப்பாத்தியையும் ஏற்றிவிட்டு அவன் நின்றுகொண்டிருந்தான். சுற்றி அவனுடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர். பஸ் திரும்பியது. நான் போய் எதிரில் நின்றேன். "இன்னா பொன்னுரங்கம், உம் பொண்ணும் அங்கதான் படிக்குதாமே" என்றான்.

"ஆமாங்க. உங்க பொண்ணு இன்டர்வியூல இன்னா சொல்லிச்சின்னு தெரியுங்களா?" என்றேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

அவன் முகம் செத்தது. அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எம் பேரச் சொல்லிச்சா?" என்றான். "சொல்லிச்சிங்க" என்றேன். பஸ் போன ரோட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான், தங்கமணி, வேஷம் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்: "எந்தக் கூலிக்காரி?"

அவனுக்கு நினைவில்லை. அவன் வாசலில் வந்து வண்டி கேட்டவர்கள் எத்தனை பேரோ, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினானோ. நான் ஒவ்வொரு நாளும் அவனை நினைத்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறேன். அவன் ஒருநாள்கூட நம்மை நினைக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆதிமூலம்தான் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தான். பிறகு நின்றுவிட்டான்.

அவனை மன்னித்துவிடுங்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ மன்னிப்பதானால் மன்னித்துக்கொள். எனக்கும் சேர்த்து மன்னிக்காதே. அதை என்னிடமே விட்டுவிடு.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் வருவதற்குள் கமலா உன் ஹாஸ்டலுக்கு வந்திருப்பாள். அவளோடு சண்டை போடாதே. புது இடத்தில் அழுதால் பக்கத்தில் இரு. ஆனால் உட்கார வைத்துச் சொல்: செத்தது கூலிக்காரப் பெண் இல்லை, ஜெயம்மாள். இருபத்தெட்டு வயது. நாற்று நடும்போது அவள் பாடினால் அடுத்த வயல் ஆட்களும் நின்று கேட்பார்கள். உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். இனி யார் எங்கே கேட்டாலும், அந்தப் பெண் தன் அப்பா பெயரைச் சொன்னால், இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்வாளா என்று கேட்டு எனக்கு எழுது.

நீ நூறு வயது வாழ வேண்டும், என் தாயே.

இப்படிக்கு,
ஜெயம்மாள் புருஷன்
பொன்னுரங்கம்.