பொங்கலூரிலிருந்து நகர்ந்த அம்புக்குறி

அக்கா,

போன வாரம் ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒருவர் போன் செய்தார். கணக்கு மென்பொருளில் ஏதோ சிக்கலாம். திரையில் தெரிகிற எண்ணை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் என் திரையில் இருந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது. மேலே போய் ஒரு பெட்டியைத் திறந்தது, மூடியது, இன்னொன்றைத் திறந்தது. அவருக்கு அது நாள் முழுக்கச் செய்கிற வேலை. நான் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றிருந்தேன். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

இத்தனை வருடம் கழித்து உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். எழுதி எங்கே அனுப்புவது என்று தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பல்லடம் ரோட்டில் நம் கம்பெனியின் எம்ப்ராய்டரி பிரிவு முதல் மாடியில் இருந்தது. நீங்கள் அங்கே பஞ்சிங் பார்த்தீர்கள். வெளியூர்க்காரர்களிடம் அந்த வேலையை விளக்குவதற்குள் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். பனியன் மார்பில் வர வேண்டிய படத்தைக் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தத் திசையில் தைக்க வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. நான் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். உங்களைவிடச் சில வயது இளையவன். என்னைத் தம்பி என்று கூப்பிட்டாலும் வாங்க, போங்க என்றுதான் பேசுவீர்கள்.

கம்பெனியில் மற்ற எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸ். உங்களுடையதில் மட்டும் ஓஎஸ்/2 என்கிற பழைய இயங்குதளம். முதலாளி ஐரோப்பாவிலிருந்து பழைய எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றை இறக்கியபோது கூடவே வந்தது அந்தக் கம்ப்யூட்டர். அதிலிருந்த டிசைன் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. பின்பக்கம் செருகியிருக்கிற கட்டைவிரல் அளவுத் துண்டு அது. அதைப் பிடுங்கினால் மென்பொருள் திறக்காது. வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் ஓடாது. அங்கிருந்து ஒரு கேபிள் நேராக மெஷினுக்குப் போகும். திருப்பூரில் அந்த ஓஎஸ்ஸைத் தெரிந்தவர்கள் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் போய்க் கேட்டால், "இன்னுமா அதை வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்கள்.

எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. உங்களுக்குப் பிடிக்கும். ஒருமுறை வைரஸ் வந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிட்டன. உங்களுடையது மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. "இப்படி ஒண்ணு இருக்கறதே வைரசுக்குத் தெரியாதுங்க தம்பி," என்றீர்கள். உங்களை நினைத்தால் இன்றைக்கும் அந்தக் குரல்தான் முதலில் வருகிறது.

ஐப்பசி மழையில் வேலை முடிந்து உங்கள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஓட்டிய மொபெட்டில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். நூல் மூட்டை ஏற்றி வந்த டெம்போ ஒன்று உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மாமாவுக்குச் சிராய்ப்போடு போனது. உங்களுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே இனி எதுவும் வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பொங்கலூரில் உங்கள் வீட்டுக்கு நான் வந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். வாங்கிவந்த பழத்தைப் பிடித்தபடி நின்றேன். நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்.

"அந்தக் கழுகு என்னாச்சுங்க?"

"எந்தக் கழுகுங்க்கா?"

"பாதியில உட்டுட்டு வந்தனே. ஒரு றெக்கைதான் முடிச்சிருந்தேன்."

"அப்படியேதானுங்க கிடக்குது. இப்ப டிசைன் எல்லாம் வெளிய குடுத்துப் பண்ணிக்கிறாங்க."

நீங்கள் சுவரிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினீர்கள். பிறகு, "காலுதானுங்களே போச்சு. கண்ணு இருக்குது, கை இருக்குது. அந்தக் கம்ப்யூட்டரை இங்க கொண்டாந்துர முடியாதுங்களா?" என்றீர்கள்.

முடியாது என்று சொன்னேன். மெஷின் அங்கே, அதற்குப் போகிற கேபிள் அங்கே. உங்களுக்கே அது தெரியும். தெரிந்தும் கேட்டீர்கள்.

மில்லில் வேலை பார்க்கிற மாமா, ஷிப்டுக்குக் கிளம்பி என்னோடு தெருவரை வந்தார். "நாள் முச்சூடும் செவுத்தையே பாத்துட்டுக் கிடக்கறா. ஏதாச்சும் வழி இருந்தாப் பாருங்க, சாமி," என்றார். அவர் வயதுக்கு என்னைச் சாமி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கம்ப்யூட்டரின் திரையை இன்னொரு கம்ப்யூட்டரில் வரவழைத்து அங்கிருந்தே இயக்க மென்பொருள் இருப்பது எனக்குத் தெரியும். விண்டோசுக்கு அது சுலபமாகக் கிடைத்தது. ஓஎஸ்/2-வுக்கு வேண்டும் என்று பிரவுசிங் சென்டரில் நாள் கணக்காகத் தேடினேன். கடைசியில் எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் தன் ஆசைக்கு எழுதி, இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டு வைத்திருந்தது கிடைத்தது. வி.என்.சி. என்கிற மென்பொருளை அந்த ஓஎஸ்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருந்தார். ஃப்ளாப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடினேன். "பண்ணிப் பாருப்பா, ஓடுனா ஓடட்டும்," என்றார் முதலாளி.

லேசில் ஓடவில்லை. நெட்வொர்க் கார்டைச் சேர்த்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் கறுப்புத் திரையோடு நின்றது. ஒரு வரியை மாற்றுவேன், மறுபடி போட்டுப் பார்ப்பேன், மறுபடி கறுப்பு. ஒருவழியாகப் பக்கத்து விண்டோஸ் கம்ப்யூட்டரில் உங்கள் திரை தெரிந்தபோது சிவப்பெல்லாம் நீலமாகவும் நீலமெல்லாம் சிவப்பாகவும் இருந்தது. அதை என்னால் கடைசிவரை சரிசெய்ய முடியவில்லை. உங்களிடம் சொன்னதற்கு, "நான் நூலைக் கலரை வெச்சா பாக்கறேன்? நம்பரை வெச்சுத்தானுங்க," என்றுவிட்டீர்கள்.

பிராட்பேண்ட் எல்லாம் நமக்கு எட்டாத காலம். உங்கள் வீட்டில் ஒரே ஒரு லேண்ட்லைன். அதில் மோடம் வைத்து, போன் லைன் வழியாகவே கம்பெனிக் கம்ப்யூட்டரைக் கூப்பிட வேண்டும். கம்பெனியில் கழித்துப் போட்ட பாகங்களைச் சேர்த்து உங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டினேன். மாமா தெரிந்த பட்டறையில் கட்டிலுக்கு மேலே வளைந்து நிற்கிற மாதிரி ஓர் இரும்பு ஸ்டாண்டு அடித்துக் கொண்டுவந்தார். மானிட்டர் முகத்தில் விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். "விழுந்தா விழட்டும், மிச்சம் என்ன இருக்குது," என்று நீங்கள் சொன்னபோது மாமா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

முதல் நாள் நீங்கள் கூப்பிடுவதற்காக எம்ப்ராய்டரி பிரிவில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மோடம் கத்தி ஓய்ந்தது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்புக்குறி ஒரு தடவை உதறியது. மெல்ல மெல்ல, தெரியாத வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நகர்ந்தது. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரர், "ஏய், ஆளில்லாம ஓடுதுலே!" என்று கத்தினார். எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அம்புக்குறி கழுகு இருந்த ஃபைலைத் திறந்தது. முடிந்த றெக்கையும் முடியாத றெக்கையும் பட்டை பட்டையாக வந்து சேர்ந்தன. யாரும் சிரிக்கவில்லை. உங்கள் நாற்காலி காலியாக இருந்தது, வேலை நடந்துகொண்டிருந்தது.

ஒரே லைன் என்பதால் நீங்கள் உள்ளே இருக்கும்போது போனில் பேச முடியாது. அதனால் திரையின் ஓரத்தில் எழுதுகிற பெட்டி ஒன்றைத் திறந்துவைத்தோம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவீர்கள். நான் அதே பெட்டியில் கீழே பதில் தட்டுவேன்.

"தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேங்க்கா."

"ரொம்ப மெதுவா வருதுங்க. ஒரு புள்ளி வெச்சா, அது வந்து சேர்றதுக்குள்ள ஒரு வாய் தண்ணி குடிச்சரலாம்."

"சிரமமா இருந்தா உட்டுருங்க்கா."

"எனக்கென்னங்க, பஸ்ஸைப் புடிக்கவா போறேன்."

அப்படித்தான் கழுகை முடித்தீர்கள். தைத்த முதல் துணியை நானே பொங்கலூருக்குக் கொண்டுவந்தேன். முன்பக்கத்தை நீங்கள் பார்க்கக்கூட இல்லை. திருப்பிப் பின்பக்க நூலை விரலால் தடவிப் பார்த்தீர்கள். கழுத்துப் பக்கம் விரல் நின்றது. "இங்க இறுக்கமா இருக்குது. நாளைக்குப் போயி மாத்தீர்றேன்," என்றீர்கள். நாளைக்குப் போய் என்று சொன்னதை நாங்கள் யாரும் திருத்தவில்லை.

அடுத்த மழைக்காலம் வரை அது ஓடியது. ஓடியது என்று சொல்வதே அதிகம். மழை பெய்தால் லைன் போகும், கரண்ட் போகும், மென்பொருள் சொல்லாமல் நின்றுவிடும். எந்த வேலையில் இருந்தாலும் நான் மாடிக்கு ஓடிவந்து மறுபடி எழுப்ப வேண்டும். எழுப்பிவிட்டுப் பார்த்தால் நீங்கள் வைத்த புள்ளிகளில் பாதி இருக்காது. "பரவாயில்லீங்க, மறுபடி வெச்சுக்கறேன்," என்று பெட்டியில் எழுத்து வரும். அதற்கும் நேரமாகும்.

இதற்குள் உங்கள் முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது. ஒருக்களித்துப் படுத்தபடி மவுசைப் பிடிக்க வேண்டியதாயிற்று. காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். பனியன் வாங்குகிற பையர்களோ காலையில் படம் அனுப்பி மாலைக்குள் சாம்பிள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். முதலாளி என்னை ஒருநாள் கூப்பிட்டார். "அவுங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லப்பா. நானும் எவ்வளவுதான் பொறுக்கறது, சொல்லு," என்றார். விண்டோசில் ஓடுகிற புது டிசைன் சிஸ்டம் வந்தது. அதில் உட்கார உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர். உங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் நாற்காலியை வேறு பக்கம் போட்டுக்கொண்டார்.

புதியதிலும் உங்களைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். உங்களிடம் வந்து சொல்லவும் செய்தேன். "வேண்டாமுங்க தம்பி. இப்பெல்லாம் புள்ளி நடுங்குது," என்றீர்கள்.

பழைய கம்ப்யூட்டர் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை எதுவும் இல்லாமலே நீங்கள் காலையில் உள்ளே வருவீர்கள். "என்னங்க நடக்குது அங்க?" என்று பெட்டியில் கேட்பீர்கள். நான் தட்டுவேன். மெஷினில் ஊசி உடைந்தது. கேன்டீனில் இன்றைக்குத் தக்காளிச் சாதம். திருநெல்வேலிக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்று போடுவீர்கள். சில நாள் அதுவும் வராது. அம்புக்குறி மட்டும் திரையின் நடுவில் அசையாமல் நிற்கும். இணைப்பு இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. மவுசைத் தொட்டுப் பார்க்கவும் மனம் வராது.

பிறகு ஃபேக்சுக்கு அந்த லைன் வேண்டும், மூலையில் புது மெஷின் வரப்போகிறது என்றார்கள். அதைச் சொல்ல நான் நேரில் வந்தேன். நீங்கள் கோபப்படவில்லை. "சும்மா பிளக்கைப் புடுங்கிராதீங்க. ஒழுங்கா ஷட்டவுன் குடுத்து நிறுத்தோணும். நானே குடுத்தர்றேன்," என்றீர்கள்.

மறுநாள் உள்ளே வந்தீர்கள். பெட்டியில் எதுவும் எழுதவில்லை. திறந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினீர்கள். கழுகு ஃபைலை ஒரு தடவை திறந்து, அது முழுசாக வரும்வரை காத்திருந்து, மூடினீர்கள். பிறகு ஷட்டவுனுக்குப் போனீர்கள். அம்புக்குறி அதன் மேலே நடுங்கிக்கொண்டு நின்றது. அழுத்தினீர்கள்.

வெளியிலிருந்து இணைந்தவர்களுக்கு அது முழுசாக நிற்பது தெரியாது அக்கா. இணைப்பு முதலில் அறுந்துவிடும், உங்கள் பக்கம் திரை போய்விடும். இனி அணைத்துவிடலாம் என்று சொல்லும் கடைசி வாசகத்தை இங்கே நிற்பவன் மட்டும்தான் பார்க்க முடியும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் பையில் போன் அடித்தது. லைன் விடுபட்டதும் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

"முழுசா நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சுங்க்கா."

"அப்பச் சரிங்க," என்று வைத்துவிட்டீர்கள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நான் வந்தபோது உங்களைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு மேலே ஸ்டாண்டு வெறுமனே வளைந்து நின்றது. அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. நானே ஸ்பேனர் கேட்டு வாங்கிக் கழற்றினேன். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார்.

"காத்தால மவுசைக் கையில வெச்சதும், கம்பெனிக்குப் போயிட்டு வாரனுங்கன்னு சொல்லுவா. நானும் சரி, வா புள்ளைன்னு சொல்லீட்டு மில்லுக்குக் கெளம்புவேன். அதை நிறுத்துனதுக்கப்புறம் அவ எங்கயும் போகலீங்க, சாமி. ஒரு நாளு கூடப் போகலீங்க."

நான் செய்தது உங்களுக்கு நல்லதா, கொஞ்சநாள் கொடுத்துவிட்டுப் பிடுங்கியதா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இப்போது அவரும் இல்லை, கேட்பதற்கு ஆள் இல்லை. எனக்கும் பதில் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்கிற எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

நான் இன்னும் இதே திருப்பூரில், வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, கம்பெனிக்குப் போயிட்டு வரேன் என்று வீட்டில் சொல்கிறேன். சரி, வாங்க என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. அந்தப் பதில் வரும்வரை என்னால் படி இறங்க முடிவதில்லை அக்கா.