கோட்டை ஸ்டேஷனில் காக்கா

ஒக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து வெயில். பின்னேரம் இடி மட்டும், மழை இல்லை.

கொழும்புக் கண்ணாஸ்பத்திரியிலிருந்து திகதி வந்துவிட்டது. 15, புதன், காலை. இங்கே பார்க்கிற டொக்டர் போனில் சொன்னார்: "இந்தத் திகதிய விட்டா அடுத்தது எப்ப கிடைக்கும் எண்டு சொல்லேலா டீச்சர். இடது கண்ணப் போல வலதும் போயிரும்."

என் கூடப்பிறந்த மூத்தவர், காக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறவியிலிருந்து காது கேளாது, பேச்சும் இல்லை. இத்தனை வருசமும் கண்ணால் கேட்டு, கையால் பேசி வாழ்ந்த மனிசன். சீனி வருத்தம், நீரிழிவு, இப்போது அந்தக் கண்ணிலேயே கை வைத்திருக்கிறது. போன கிழமை தன்னுடைய தையல் கடையில் ஊசிக்கு நூல் கோர்க்க ஏலாமல் மெஷினை மூடிவிட்டு வந்தார். நேரே போய்ப் படுத்துவிட்டார்.

நான் கூட்டிக்கொண்டு போவேன். முடிவு.

ஒக்டோபர் 8, புதன்

இரவு பெய்த மழையில் முற்றம் முழுக்கத் தண்ணீர். பாடசாலையில் லீவு கேட்டேன். மூன்று நாள். அதிபர் சரி என்றார்.

ரயில்தான். வேனில் ஏற்றினால் மகியங்கனை தாண்டுவதற்குள் காக்கா வாந்தி எடுத்து ஓய்ந்துபோவார். ஆனால் தெரியாத இடத்துக்கு அவர் சும்மா வரமாட்டார். வாசல் எங்கே, படி எங்கே, வெளியே போகிற வழி எங்கே, எல்லாம் முதலே தெரிய வேண்டும். போனில் தேடித் தேடி, கொழும்புக் கோட்டை ஸ்டேஷனைக் கொப்பியில் படமாகக் கீறி, விவரமும் எழுதிக் கொடுத்தேன்.

– மேடைகள் பத்து அளவில். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் படியேறி மேம்பாலத்தால் போக வேண்டும்.
– முதலாம் மேடைப் பக்கம் அலுவலகங்கள், டிக்கெட் ஜன்னல்கள், பிரதான வாசல். வாசலைத் தாண்டினால் தெரு, அதற்கு அப்பால் புறக்கோட்டை.
– தங்கும் அறை, பொதி வைக்கிற அறை, கென்டீன், கழிவறை.
– யாழ்ப்பாணம், பதுளை, மாத்தறை, திருகோணமலை, நம்முடைய மட்டக்களப்பு. எல்லா ரயிலும் இங்கே வரும், இங்கேயிருந்து வெளிக்கிடும்.
– எந்த ரயில் எந்த மேடை என்பதை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். (கா.வுக்கு எப்படித் தெரியும்?)

ஸ்டேஷனுக்கு எத்தனை வயது என்று கா. கையால் கேட்டார். கட்டிடத்துக்கு நூறுக்கு மேல், வெள்ளைக்காரன் கட்டினது. தண்டவாளம் அதைவிடப் பழசு, மலையிலிருந்து கோப்பி இறக்கப் போட்டது, பிறகு தேயிலை. சண்டைக் காலத்தில் பல வருசம் மட்டக்களப்புக்கு ரயிலே வரவில்லை என்பதையும் எழுதினேன். கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு கையால்: முதலில் கோப்பி, அடுத்தது தேயிலை, இப்போது நான். சிரித்தார். இந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

தண்டவாளம் ஏன் எங்கள் ஊர் கல்முனைக்கு வரவில்லை என்றும் கேட்டார். மட்டக்களப்போடு முடிகிறது என்று கீறிக் காட்டினேன்.

ஒக்டோபர் 11, சனி

புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை.

இவர், என் கணவர், இரண்டு நாளாக ஒரே கதை. "அந்தச் சனத்துக்குள்ள நீ ஒரு பொம்புள, காக்காவ வெச்சிக்கொண்டு என்ன செய்யப்போற? வேன் ஒண்டு பிடிப்பம். வாந்தி எடுத்தா நிப்பாட்டி நிப்பாட்டிப் போவம்."

"எத்தின தரம் நிப்பாட்டுவீங்க? கண்ணுக்குள்ள ரத்தம் கசியிது எண்டு டொக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"நீ ஒருக்கா முடிவெடுத்தா மாத்தமாட்டாய்."

"ஓம். மாத்தமாட்டன்."

கா. எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பிப் போய்க் கலண்டரில் 15ஐச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு ரயில் கீறினார். அதோடு கதை முடிந்தது.

ஒக்டோபர் 13, திங்கள்

காத்தான்குடியில், உம்மாவின் தங்கை சாச்சி வீட்டில். விடியற்காலை ரயில் ஏற மட்டக்களப்பு இங்கேயிருந்துதான் கிட்ட.

கொண்டுவந்தவை: கிளினிக் கொப்பி, டொக்டரின் கடிதம், சீனி வருத்தத்துக்குக் குளிசை, இரண்டு உடுப்பு, துவாய், முறுக்கு, தண்ணீர். கடிதமும் கொப்பியும் கா.வின் பச்சைப் பையில். பையை என்னிடம் தரமாட்டார். அவருடைய கண், அவருடைய கடிதம். சரி.

சாச்சி அவருடைய தலையில் கை வைத்து ஓதி ஊதினா.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கொழும்பில் தெமட்டகொடை, இவருடைய உறவுக்காரர் வீடு. அந்தி மஃரிப் தொழுதுவிட்டு எழுதுகிறேன்.

ரயில் நல்லபடியாகத்தான் வெளிக்கிட்டது. வெலிக்கந்தைப் பக்கம் யானைக்காக மெல்ல மெல்ல. கா. ஜன்னலோரம். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் நான் அவருடைய உள்ளங்கையில் விரலால் எழுத, தலையாட்டிக்கொண்டே வந்தார். கோட்டைக்கு வரும்போது நாலரை. ஒபிஸ் விடுகிற நேரம். சனம் என்றால் சனம்.

எனக்குக் கழிவறைக்குப் போயே ஆக வேண்டும், காலையிலிருந்து போகவில்லை. கூரைத் தூண் ஒன்றைக் காட்டி, இங்கேயே நில்லுங்க என்று கையால் சொன்னேன். தலையாட்டினார். உள்ளே வரிசை. பத்து நிமிசம் பிடித்திருக்கும்.

வந்து பார்த்தால் தூண் இருக்கிறது, கா. இல்லை.

பச்சைப் பையும் அவரோடு. கடிதம், கொப்பி எல்லாம் அதற்குள். அவருடைய போன் என் கைப்பையில், பவர் பேங்கில் செருகினபடி.

ஓடினேன். மேம்பாலத்தில் ஏறி ஒவ்வொரு மேடையாக எட்டிப் பார்த்தேன். "காக்கா! காக்கா!" என்று கத்தினேன். நாற்பத்தாறு வருசம் அவரோடு வாழ்ந்தவள். பயத்தில் அவருக்குக் காது கேளாது என்பதும் மறந்துபோனது.

ஒரு ரயில் நிறையச் சனத்தோடு வெளிக்கிட்டது. அதற்குள் ஏறியிருப்பாரோ? இந்தக் கண்ணோடு எங்கே இறங்குவார்? அழுகை வந்தது. அழுதால் தேட ஏலாது என்று அடக்கிக்கொண்டு முதலாம் மேடைக்கு இறங்கினேன். அறிவிப்புச் செய்கிற அறையைக் கேட்டுக் கேட்டுப் போனேன்.

உள்ளே ஒரு உத்தியோகத்தர், சிங்கள ஆள், தமிழ் ஓரளவு கதைத்தார். பேனையை எடுத்தார். "பேர் சொல்லுங்க. இங்க வரச் சொல்லிச் சொல்றேன்."

"அவருக்குக் காது கேக்காது சேர்."

பேனையை வைத்துவிட்டார். "அப்ப எப்படிக் கூப்பிடுறது?"

கண்ணாடிக்கு வெளியே மேடையைப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் தலைகள். எல்லாருக்கும் இரண்டிரண்டு காது.

"அவரக் கூப்பிட வேணாம் சேர். மத்த ஆக்களக் கூப்பிடுங்க."

அவருக்கு விளங்கிவிட்டது. கடதாசியை என் பக்கம் தள்ளினார். நான் தமிழில் எழுதினேன், அவர் அதைக் கேட்டுக் கேட்டுச் சிங்களத்தில் எழுதினார். முதலில் சிங்களத்தை அவரே வாசித்தார். பிறகு ஒலிவாங்கியை என்னிடம் திருப்பினார்.

"தமிழ நீங்களே வாசிங்க."

வாசித்தேன்: "பயணிகளின் கவனத்துக்கு. நீலக் கட்டம் போட்ட சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் பச்சைப் பை. வயது ஐம்பத்திரண்டு. இவருக்குக் காது கேளாது, பேசவும் முடியாது. உங்கள் பக்கத்தில் நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நின்றால், கையைப் பிடித்து முதலாம் மேடை அலுவலகத்துக்குக் கூட்டி வாருங்கள்."

என் குரல் அந்தப் பெரிய கூரைக்குக் கீழ் சுற்றித் திரும்பி என்னிடமே வந்தது. வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு மேல் யாரிடமும் பேசினவள் இல்லை. இரண்டாம் தரம் வாசிக்கும்போது குரல் உடைந்தது. மூன்றாம் தரம் உடையவில்லை.

கால் மணித்தியாலம். யா அல்லாஹ், அந்தக் கால் மணித்தியாலம்.

வந்தார். சேலை உடுத்த ஒரு சிங்களப் பெண் அவருடைய கையைப் பிடித்திருந்தா. பின்னால் அன்னாசி விற்கிற ஒருவர், தலையில் தட்டோடு. அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், என்னதான் நடக்கிறது என்று பார்க்க. நான் கா.வின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு நேரமாக அடக்கினது.

அந்தப் பெண் ஏதோ சொன்னா. உத்தியோகத்தர் தமிழில்: "அவட ரயில் போயிட்டாம். பரவால்லையாம், அடுத்தது இருக்காம்."

பெயர்கூடக் கேட்கவில்லை. ஸ்தூதி, ஸ்தூதி என்று சிங்களத்தில் நன்றி மட்டும் சொன்னேன்.

இங்கே வந்து தேத்தண்ணி குடித்த பிறகு கா. கையால் எல்லாம் சொன்னார். என்னைப் போலக் கறுப்பு அபாயாவோடு ஒருத்தி படியில் ஏறினாவாம். மங்கலாகத் தெரிந்ததாம், நான் என்று நினைத்துப் பின்னால் போனாராம். அந்தப் பக்கம் இறங்கின பிறகு திரும்பினால் வேறு முகம். இனி அசையக்கூடாது என்று அந்த இடத்திலேயே நின்றுவிட்டாராம்.

பிறகு, திடீரென்று, மேடையில் நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் தன்னைத் திரும்பிப் பார்த்தார்களாம். உடனே குனிந்து களிசான் ஜிப்பைப் பார்த்தாராம். பூட்டித்தான் இருந்ததாம். பிறகு சட்டைப் பொத்தானைப் பார்த்தாராம். அதுவும் சரி. அப்போ ஏன் எல்லாரும் பார்க்கிறார்கள்?

உறவுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். கா.வும் சிரித்தார். நான் எழும்பிக் குசினிக்குள் போய் நின்றேன்.

ஒக்டோபர் 15, புதன்

மழை. ஆஸ்பத்திரியில் ஆறு மணித்தியாலம். வலது கண்ணுக்கு லேசர் பிடித்தார்கள். டொக்டர் ஒரு இளம் பெண், நல்ல மாதிரி, கா.வின் முகத்தைப் பார்த்தே கதைத்தா, நான் கையால் சொன்னேன். வலது கண் நிலைக்கும். இடது திரும்பாது. சீனியைக் கட்டுப்படுத்தாவிட்டால் வலதுக்கும் பொறுப்பில்லை.

இடதைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்ல முதலே கா. இடது கண்ணைப் பொத்திக் காட்டி, கையை விசிறினார். போனது போகட்டும். வலதைத் தொட்டுப் பெருவிரலை உயர்த்தினார்.

அடுத்த கிளினிக்: ஜனவரியில்.

ஒக்டோபர் 16, வியாழன்

திரும்பி வருகிற ரயில். கோட்டையில் கா. என் கைப்பிடியில் வர மறுத்தார். வலது கண்ணில் இன்னும் எரிவு, கறுப்புக் கண்ணாடி. அப்படியும் மேம்பாலப் படிகளை எண்ணிக்கொண்டே முன்னால் ஏறினார். நான் இரண்டு படி பின்னால். அறிவிப்பு அறையை எட்டிப் பார்த்தேன், அந்த உத்தியோகத்தர் இல்லை. முறுக்குப் பையை அங்கே இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

பின்னேரம் மழை. திருத்தப் பிள்ளைகளின் கொப்பி முப்பது கிடக்கிறது.

ஜனவரிக் கிளினிக்குக்குக் கா. தனியாகப் போகப்போகிறாராம். இவர் கேட்டதும் கையைத் தலையில் வைத்துவிட்டார். "தனியவா? இவருக்கென்ன விசரா? நீயும் சரி எண்டு சொல்லப்போறியா?"

"தெரியா. யோசிக்கிறன்."

யோசித்தேன். என்னால் முடிந்தது ஒன்றுதான். தடித்த மட்டை ஒன்றில் பெரிய எழுத்தில் எழுதி, நூல் கோர்த்துக் கொடுத்தேன்: "எனக்குக் காது கேளாது, பேச முடியாது. நான் வழி தவறிவிட்டேன். தயவுசெய்து என்னை நிலைய அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள்."

கா. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலது கண்ணால் மெல்ல வாசித்தார். தையல் கடைப் பென்சிலை எடுத்தார். முதல் வசனத்தை அப்படியே விட்டார். மற்ற இரண்டையும் வெட்டினார். கீழே, கோணல் எழுத்தில், தானே எழுதினார்:

"மட்டக்களப்பு ரயில் எந்த மேடை?"

மட்டையை என்னிடம் திருப்பித் தந்தார். சிங்களத்திலும் வேண்டுமாம். நாளை பாடசாலையில் சிங்கள டீச்சரிடம் எழுதித் தரக் கேட்க வேண்டும்.