குமாரி அழுத அன்று

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

ஒரு வாரமாக நீங்கள் கத்தாரிலிருந்து கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

காய்ச்சலில் கிடந்த நம் மகன் நிசலை, ஆசி வாங்க ஆஸ்பத்திரியிலிருந்து குமாரி வீட்டுக்குத் தூக்கிப்போனேன். ஊர் வணங்கும் உயிருள்ள தெய்வமான குமாரியாக நம் மகளைத் தேர்ந்தெடுத்து அங்கே அமர்த்திய இரண்டு வருடத்தில் தம்பியை அவள் பார்த்ததே இல்லை. நெற்றி நிறையக் குங்குமச் சிவப்போடு அசையாமல் இருந்தாள். அவன் கண்ணைத் திறந்து, "அக்கா, வீட்டுக்கு வா" என்றான்.

அவள் அழுதுவிட்டாள்.

குமாரி அழுதால் வந்தவருக்குச் சாவு என்பார்களே. உங்கள் அண்ணன், "தேவியே சொல்லிட்டா. இனி ஊசி எதுக்கும்மா? புள்ளைய ஏன் வதைக்கணும்?" என்றார்.

அழுதது அக்காதான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அதைச் சொன்னால் அவள் தெய்வமில்லை என்று ஆகிவிடுமே என்று பயந்து தலையாட்டினேன். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூன்றாம் நாள் அவன் உடலை ஆற்றங்கரைக்கு எடுத்துப்போனார்கள்.

நேற்று வணங்கப் போனபோது அவள் என் காதருகே குனிந்து, "அம்மா, தம்பிக்குச் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆயிடுச்சு தேவி" என்றேன்.

"அப்ப திரும்ப அழைச்சிட்டு வா. இந்தத் தடவ அழமாட்டேன்."

உங்களுக்கு முகம் காட்ட முடியாத,
உங்கள் மனைவி