மௌனத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்

2022 அக்டோபர் 24, திங்கள்
பக்கத்து அறை எத்தெல்கா காலையிலேயே அரசிதழைப் படித்து முடித்து, அட்டை எழுத உட்கார்ந்துவிட்டாள். நெருக்கடிநிலையைக் காட்டி அரசு போடும் ஒவ்வொரு ஆணைக்கும் ஓர் அட்டை. தேதி, சொன்ன காரணம், என்றைக்கு முடியும். கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

இந்த அட்டைகளை வைத்து அவள் போட்ட அட்டவணைதான் எங்கள் நூலின் உயிர். அதை எடுத்துவிடச் சொல்கிறார் எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநர் லோராந்த். "வெறும் எண்ணிக்கை ஆராய்ச்சி ஆகாதும்மா" என்றாராம். அமைச்சகத்தில் யாருக்கோ உறுத்துகிறது என்று சொன்னால் குறைந்தபட்சம் மரியாதையாவது மிஞ்சும்.

"எடுக்க முடியாதுன்னுட்டேன்" என்றாள் எத்தெல்கா. "ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. என்ன பண்ணிடுவாரு?"

அக்டோபர் 27, வியாழன்
கருத்தரங்கு. வியன்னாவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். "மன்றத்தைக் கூட்டாமல் முடிவெடுப்பவன் ஜனநாயகவாதி அல்ல" என்று லோராந்த் மேடையில் முழங்கினார். நானும் கை தட்டினேன். பாலாடைக்கட்டி போட்ட உப்பு பன் நன்றாக இருந்தது. நாலு தின்றேன்.

நவம்பர் 2, புதன்
விடுமுறை முடிந்து இன்றுதான் மின்னஞ்சலைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லோராந்த் நிறுவனக் கவுன்சில் உறுப்பினர் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். "மறுசீரமைப்பை முன்னிட்டு எத்தெல்காவின் பணி டிசம்பர் 31-உடன் முடிகிறது. மறுப்பிருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்." நாலு நாள் விடுமுறை. ஊரே சாமந்திப் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற நாள். நானும் சொந்த ஊர் மிஷ்கோல்ட்ஸில் அப்பாவின் கல்லறையில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன். மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஏழு உறுப்பினர், ஒரு பதிலும் இல்லை. ஏகமனதாக நிறைவேறியதாம்.

அந்த ஏழில் ஒருத்தி நான்.

எத்தெல்கா கடிதத்தைக் காட்டினாள். அழவில்லை. "இது எந்த விதிப்படின்னு மட்டும் பாத்துச் சொல்லுடி" என்றாள்.

நவம்பர் 3, வியாழன்
பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

2020 மார்ச் 17. தொற்று வந்த முதல் வாரம். மூன்றே வரி. "கவுன்சில் நேரில் கூட இயலாத நிலையில், எல்லா உறுப்பினருக்கும் அனுப்பப்பட்ட முன்மொழிவுக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மறுப்பு வராவிடில், அது ஏற்கப்பட்டதாகும்." வரைவு: முனைவர் ஓர்ஷோயா. நான். அன்று சமையலறையில் பத்து நிமிடத்தில் அடித்துத் தள்ளி, லோராந்திடம் நல்ல பெயரும் வாங்கினேன்.

முடியும் தேதி? போடவில்லை. முடியும் தேதி இல்லாத அவசரச் சட்டம் எவ்வளவு ஆபத்து என்று இருநூற்றுப் பத்து பக்கத்துக்கு முனைவர் பட்டம் வாங்கியவள் நான்! ஊருக்குத்தான் உபதேசம். அந்த இருநூற்றுப் பத்து பக்கத்தையும் கிழித்துப் பிசைந்து என் வாயிலேயே திணிக்க வேண்டும்.

நவம்பர் 4
எத்தெல்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நானெல்லாம் ஒரு மனுஷியா?

நவம்பர் 21, திங்கள்
கவுன்சிலை நேரில் கூட்ட மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு வாரமாக அலைந்ததில் என் ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. கவுன்சிலில் இருக்கும் பர்னபாஷ் அரசியல் சாசனம் சொல்லிக்கொடுக்கிறவன். "நான் ஏரிக்கரை வீட்டுல இருந்தேன், ஓர்ஷி, மெயிலே பாக்கலை" என்றான்.

"இப்பப் பாத்துட்டேல்ல? போடு கையெழுத்தை."

"முடிஞ்ச விஷயத்தை ஏன் கிளறுற? அவருக்கும் ஆயிரம் நெருக்கடி."

நெருக்கடி. அந்தச் சொல்லைக் கேட்டாலே வாயில் புளிப்பு ஏறுகிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் வாயைத் திறக்காமலே கெட்டவர்கள்.

எத்தெல்காவிடம் சொல்லிவிட்டேன், வரைவு என்னுடையதுதான் என்று. கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "தேதி போட மறந்துட்டியா? நீயா?" என்றாள். திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 20, செவ்வாய்
அந்த மூன்று வரியை மறுபடி படித்தேன். முன்மொழிவை யார் அனுப்ப வேண்டும் என்றும் நான் எழுதவில்லை.

டிசம்பர் 24, சனி
மாலை நாலு மணி. டிராம்கள் நின்றுவிட்டன. ஊர் முழுக்க கிறிஸ்துமஸ் விருந்தின் மீன் சூப் வாசனை. இந்த நேரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான்.

"முன்மொழிவு: எத்தெல்காவின் பணிநீக்கம் ரத்து. 2020 மார்ச் 17-ஆம் தேதி விதி டிசம்பர் 31-உடன் காலாவதி. மறுப்பிருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்." ஏழு பேருக்கும் அனுப்பினேன், லோராந்துக்கும் சேர்த்து. அவர் டைரோல் மலையில் பனிச்சறுக்கில் இருக்கிறார். தெரிந்துதான் அனுப்பினேன். எல்லோரும் கிறிஸ்துமஸ் மேசையில் இருப்பார்கள் என்றும் தெரியும். அவர் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்று ஒரு குரல். எல்லாப் பயலும் அதைத்தானே சொல்கிறான்.

டிசம்பர் 26, திங்கள்
மாலை 4.01. ஒரு பதிலும் இல்லை. ஏகமனதாக நிறைவேறியது. கை கழுவினேன், இரண்டு தடவை.

2023 ஜனவரி 3, செவ்வாய்
லோராந்த் என் அறை வாசலில் நின்றார். முகம் பனிமலை வெயிலில் சிவந்திருந்தது.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கா அனுப்புவீங்க, ஓர்ஷோயா? இது என்ன முறை?"

"நீங்க கல்லறைத் திருநாளுக்கு அனுப்பின அதே முறைதாங்க."

இது செல்லாது என்றார். அப்படியானால் உங்களுடையதும் செல்லாது என்றேன். திரும்பிப் போய்விட்டார். ஜெயித்த சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஜனவரி 9, திங்கள்
எத்தெல்கா வேலையில் இருக்கிறாள். அட்டவணை நூலில் இருக்கிறது. நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. மதியம் மூன்று மணிக்கு இரண்டு புது அட்டைகளை என் மேசையில் வைத்தாள்.

ஒன்றில்: 2020 மார்ச் 17. காரணம்: தொற்று. முடியும் தேதி: இல்லை. பிறப்பித்தவர்: ஓர்ஷோயா.

இன்னொன்றில்: 2022 டிசம்பர் 24. காரணம்: நியாயம். கூட்டம்: நடக்கவில்லை. பிறப்பித்தவர்: ஓர்ஷோயா.

"பின்னிணைப்புல சேக்கலாம்னு இருக்கேன்" என்றாள். "வேண்டாம்னா சொல்லு. நாற்பத்தெட்டு மணி நேரம் தர்றேன்."

ஜனவரி 11, புதன்
நேற்று முழுக்க அவள் அறையைத் தாண்டித்தான் போய்வந்தேன். இன்று காலையில் இருவரும் சேர்ந்து காபி குடித்தோம், மழையைப் பற்றிப் பேசினோம்.

மூன்று மணிக்குப் பக்கத்து அறையில் அட்டைப் பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை.