பூட்டிய வீட்டில் பார்த்த பிரஷர்

திருப்பூர்
3.11.2025

அன்புள்ள சுதா,

ஹாஸ்டலில் உன் போனைப் பிடுங்கி வைத்ததால் எனக்குக் கடிதம் எழுதும் யோகம். வருங்கால நர்சம்மா சுகமா?

நான் சுகமில்லையடி. நம் பகுதி சுகாதார நிலையம் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல, எங்கள் கல்லூரியில் பத்துப் பேர் நாங்களாகவே பெயர் கொடுத்தோம். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நேற்று நம் தெரு நோட்டைப் பிரித்தேன். 'ஜெய்புன்னிசா, பிரஷர் 130/80.' என் அம்மா! நவம்பர் முதல் ஜூன் வரை எட்டு மாதமும் அதே எண். ஜூன் பதினாலிலும் அதே எண். அன்றுதானே அம்மா பனியன் கம்பெனியில் துணி செக்கிங் டேபிள் மேலேயே சாய்ந்து விழ, வாய் கோணிப்போக, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்!

வீடு வீடாகப் பிரஷர் பார்ப்பது உன் அம்மா. அவர்கள் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்! போய்க் கேட்டேன். "எல்லாரும் ஷிப்டுக்குப் போயிர்றாங்க, ஊடு பூராப் பூட்டிக் கெடக்குது. நா என்ன பண்ணட்டும் கண்ணு?" என்று அழுதார்கள்.

பதினைந்தாம் தேதி அறிக்கை கொடுக்க வேண்டும். எழுதினால் அவர்கள் வேலை போய்விடும். எழுதாவிட்டால் என் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? நீயே சொல்.

உன் சனோபர்


மதுரை
8.11.2025

சனோ,

அம்மாவைத் திட்டாதே. அந்த எண்களை எழுதியது நான்.

சாயங்காலம் கால் வலியோடு வந்து நோட்டை என்னிடம் தள்ளிவிடுவாள். பூட்டிய வீட்டுக்கெல்லாம் 130/80 போடுவேன். யாருக்கும் சந்தேகம் வராத எண் என்று அதில் பெருமை வேறு. கல்லூரி சேரும் அவசரத்தில் ஜூன் முழுவதையும் முதல் வாரமே எழுதி முடித்தேன். உன் அம்மா விழுந்த அன்றே நோட்டு ஞாபகம் வந்தது. பயந்து வாயைத் திறக்கவில்லை.

இங்கே பிரஷர் பார்க்கச் சொல்லிக்கொடுத்த நாளில் அழுதுவிட்டேன். வீட்டு ஏக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அம்மா சம்பளத்தில்தான் படிக்கிறேன். அந்த ஒரு பக்கத்தை விட்டுவிடு சனோ, உன் காலில் விழுகிறேன்.

சுதா


திருப்பூர்
15.11.2025

சுதா,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. ஆஸ்பத்திரிக்கு அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாயே, அப்போதே உனக்குத் தெரிந்திருக்கிறதே!

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கமும் இருக்கிறது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் இருக்கும் தெருவுக்குப் பிரஷர் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் வர வேண்டும், நடந்தது உன் அம்மாவின் குற்றம் மட்டுமல்ல என்றும் எழுதியிருக்கிறேன். உன் பெயரை எழுதவில்லை. அதை நீதான் என் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அவளுக்குப் பேச்சு இன்னும் குழறுகிறது. என் பெயர்கூடச் சரியாக வரவில்லை. உன் பெயர் மட்டும் தெளிவாக வருகிறது. தினமும் வாசலைப் பார்த்து, "சுதா, சுதா" என்கிறாள்.

சனோபர்